சாலை அகலமாகும்போது யார் கணக்கில் வருகிறார்கள்?

பெங்களூரு அரண்மனை மைதானத்தை ஒட்டிச் செல்லும் பல்லாரி சாலையையும் ஜெயமகால் சாலையையும் அகலப்படுத்த 15 ஏக்கர் 39 குண்டா நிலம் தேவைப்பட்டது. அதற்கு ஈடாக மைசூர் அரச குடும்பத்தின் வாரிசுகளுக்கு வழங்க வேண்டிய வளர்ச்சி உரிமையின் மதிப்பு 3,011 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை வழங்கப் பணித்ததும் அதிர்ந்துபோன கர்நாடக அரசு, 2025 ஜனவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்து தப்பிக்க முயன்றது. அரண்மனையின் 472 ஏக்கர் முழுவதையும் 11 கோடி ரூபாய்க்குக் கையகப்படுத்த 1996இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்த வழக்கு கால் நூற்றாண்டைக் கடந்தும் முடியவில்லை.

அரண்மனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஸ்ரீராம்புரம். பின்னி, மினர்வா, ராஜா மில் என்று சுற்றியிருந்த பஞ்சாலைகளை நம்பிக் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ராஜா மில் நின்ற இடத்தில் மந்திரி ஸ்கொயர் வணிக வளாகம் நிற்கிறது. ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், தையல் வேலை செய்கிறார்கள், வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் செல்கிறார்கள். அவர்களில் பலருக்கு வீடு என்பது வாடகைக்கோ, லீஸ் என்று சொல்லப்படும் போக்கியத்துக்கோ எடுத்த ஒற்றை அறை. இங்கே ஒரு சாலையை அகலப்படுத்த அரசு முனைந்தால், அரண்மனைக்குப் போட்ட கணக்கை யாருக்குப் போடும்?

சாலை விரிவாக்கத்துக்குப் பெங்களூரில் பெரிதும் கையாளப்படும் வழி, டி.டி.ஆர். என்று அறியப்படும் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை. கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின் 14-பி பிரிவு இதற்கு இடம் தருகிறது. நிலத்தை ஒப்படைக்கும் உரிமையாளருக்குப் பணத்துக்குப் பதில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். வேறிடத்தில் கூடுதல் தளம் கட்ட அதைப் பயன்படுத்தலாம், கட்டுமான நிறுவனங்களுக்கு விற்கவும் செய்யலாம். மாநகராட்சி ஒரு காலத்தில் 216 சாலைகளை இந்த வழியில்தான் அகலப்படுத்தத் திட்டமிட்டது. இந்தச் சான்றிதழ்களில் நடந்த முறைகேடுகளை 2019இல் ஊழல் தடுப்புப் படை விசாரிக்க நேர்ந்தது தனிக்கதை.

முறைகேடே இல்லாமல் நடந்தாலும் இந்த ஏற்பாட்டில் குடியிருப்போர் என்ற ஒரு தரப்பே கிடையாது. சான்றிதழ் உரிமையாளருக்கு. கட்டடத்தின் முன்பாதி இடிபடும்போது மாடிப்படிக்குக் கீழே வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவருக்கு, திண்ணையில் இட்லிக் கடை போட்ட பெண்ணுக்கு ஒன்றுமில்லை. போக்கியத்துக்குக் கொடுத்த லட்சக்கணக்கான ரூபாயை உரிமையாளரிடமிருந்து திரும்ப வாங்குவது அவரவர் பாடு. அந்தப் பணம் பெரும்பாலும் நகையை விற்றும் சீட்டு எடுத்தும் திரட்டியது.

சட்டம் இவர்களை அறியாதது அல்ல. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்துதல் சட்டம், நகர்ப்புறத்தில் மூன்றாண்டுகளோ அதற்கு மேலோ குடியிருந்த குடும்பத்தையும், வாழ்வாதாரம் பறிபோகும் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றே வரையறுக்கிறது. பட்டா வேண்டும் என்று அது கேட்கவில்லை. சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் நடத்தச் சொல்கிறது. ஆனால் டி.டி.ஆர். வழியில் நிலம் ‘விருப்பத்துடன்’ ஒப்படைக்கப்படுவதாகக் கொள்ளப்படுவதால் இந்தச் சட்டம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. கையகப்படுத்தியே தீர வேண்டிய இடங்களிலும், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்களிக்க 2019இல் கர்நாடகம் செய்த திருத்தம் அரசுக்குக் கைகொடுக்கிறது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையை எதிர்த்த விவசாயிகளின் கையில் பட்டாவாவது இருந்தது. ஸ்ரீராம்புரத்தின் வாடகைக் குடும்பத்திடம் இருப்பது ரேஷன் அட்டையும் மின்கட்டணச் சீட்டும்தான்.

மக்கள் எதிர்த்தால் திட்டம் நிற்காதா? நின்றிருக்கிறது. பசவேஸ்வரா சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை 1,791 கோடி ரூபாயில் இரும்பு மேம்பாலம் கட்ட 2016இல் அரசு முனைந்தது. 812 மரங்கள் வெட்டப்படவிருந்தன. அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அது பாராட்டத்தக்க போராட்டம். ஆனால் அதன் முன்வரிசையில் நின்றவர்களின் குரல் எட்டிய இடங்களுக்கு ஸ்ரீராம்புரத்தின் குரல் எட்டுவதில்லை. பக்கத்து ஒக்கலிபுரத்தில் எட்டு வழிப் பாதை ரயில்வே நிலச் சிக்கலாலும், ரயில் பாதைக்கு அடியில் சுரங்கவழி அமைக்கும் பணியின் தாமதத்தாலும் பத்தாண்டுகளுக்கு மேல் இழுபட்டபோது, புழுதியையும் சுற்றுவழியையும் சுமந்தவர்கள் அந்த வட்டார மக்களே.

முறையிடவும் ஆளில்லை. மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடத்தாமலே ஐந்தாண்டுகள் ஓட்டிய ஆட்சியாளர்கள், 2025 செப்டம்பரில் மாநகரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். பா.ஜ.க. ஆண்டபோதும் காங்கிரஸ் ஆளும்போதும் இதில் வேறுபாடு தெரியவில்லை. கவுன்சிலர் இல்லாத வார்டில் சாலையின் அகலத்தை அதிகாரியும் ஆலோசனை நிறுவனமும் முடிவு செய்கிறார்கள்.

அகலமான சாலையே கூடாது என்பதல்ல வாதம். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெருவில் வாழ்பவர்களுக்குச் சாலையின் அருமை தெரியும். யாருடைய பயணத்துக்காக யாருடைய வீடு என்பதே கேள்வி. பெங்களூரின் வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள். ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17,700 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திட்டமிடப்பட்டுள்ள சுரங்கச் சாலையில் அவற்றுக்கு அனுமதியில்லை. சுங்கம் செலுத்தும் கார்களுக்கே வழி. நாள்தோறும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் மாநகரப் பேருந்துக்கோ 2025 ஜனவரியில் 15 சதவீதக் கட்டண உயர்வு. அடுத்த மாதமே மெட்ரோ கட்டணமும் உயர்ந்தது. ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ நிலையம் உண்டு. அதில் நாள்தோறும் ஏறும் வசதி எத்தனை வீட்டு வேலைத் தொழிலாளிகளுக்கு உண்டு?

எந்தச் சாலை விரிவாக்கத்துக்கும் வரைபடம் இறுதியாகும் முன்பே வார்டு அளவில், கன்னடத்திலும் மக்கள் பேசும் தமிழ், உருது மொழிகளிலும் பொது விசாரணை நடத்தப்பட வேண்டும். டி.டி.ஆர். வழங்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருப்போர் பட்டியல் எடுக்கப்பட்டு, போக்கியத் தொகை திரும்பக் கொடுக்கப்பட்ட பிறகே சான்றிதழ் கைமாற வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுவாழ்வு உரிமைகள் வாடகைதாரருக்கும் நடைபாதை வணிகருக்கும் பொருந்தும் என்று மாநில அரசு ஆணையிட வேண்டும். அகலப்படுத்தும் சாலையில் பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. அளவெடுப்போர் வந்து சுவரில் சிவப்புக் குறி இட்ட பிறகு சான்று தேடி ஓடினால் பயனில்லை. மூன்றாண்டுக் குடியிருப்பை மெய்ப்பிக்கும் மின்கட்டணச் சீட்டு, எரிவாயு இணைப்புப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, போக்கிய ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று திரட்டி வைக்கும் பணியைப் பெங்களூருக் கிளைகளின் தோழர்கள் இப்போதே தொடங்க முடியும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் போக்கியத்துக்கு இருக்கும் குடும்பங்களிலிருந்து தொடங்குவது நல்லது.