கூலி ஏறியது, சோறு குறைந்தது: போட்டாதாங் காட்டும் கணக்கு

யாங்கோன் ஆற்றங்கரையில், பழம்பெரும் பௌத்த பகோடாவுக்கும் படகுத் துறைக்கும் பெயர்பெற்ற பகுதி போட்டாதாங். அங்கே மூட்டை சுமப்பவர், சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், தேநீர்க்கடையில் வேலை செய்பவர் எல்லோரும் அன்றாடங்காய்ச்சிகள். அவர்கள் கையில் விழும் கியாட் தாள்கள் கூடியிருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் அரிசியும் எண்ணெயும் குறைந்துவிட்டன.

மியன்மாரில் 2018இல் எட்டு மணிநேர வேலைக்கான குறைந்தபட்சக் கூலி 4,800 கியாட், அதாவது ஏறத்தாழ மூன்றரை அமெரிக்க டொலர். 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பறித்தபின் கியாட் சரிந்தது. 2024 ஆகஸ்டில் படிகளையும் சேர்த்து நாட்கூலி 6,800 கியாட் ஆனது. ஆனால் அதே மாதம் வெளிச்சந்தையில் ஒரு டொலரின் விலை 6,000 கியாட்டைத் தாண்டியது. ஒரு நாள் உழைப்பின் பெறுமதி ஏறத்தாழ ஒரு டொலராகச் சுருங்கியது. பின்னர் கியாட் ஓரளவு மீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களுக்கு இந்தக் கூலிச் சட்டமே பொருந்தாது. துறையில் சுமை தூக்குபவருக்கும் தேநீர்க்கடைப் பையனுக்கும் முதலாளி கொடுப்பதுதான் கூலி.

இந்தச் சரிவு எல்லோரையும் ஒரேயளவில் தாக்கவில்லை. அரசு தன் பற்றாக்குறையை ஈடுகட்டப் பணம் அச்சிட, விலைவாசி ஏறியது. டொலரும் தங்கமும் வீடும் வைத்திருப்பவர்களின் சொத்து தப்பியது. 2022 ஆகஸ்டில் ஒரு டொலருக்கு 2,100 கியாட் என்று அரசு மாற்றுவீதத்தை நிர்ணயித்தது. அந்த வீதத்தில் டொலர் பெறும் வழி உள்ளவருக்கு அது வெளிச்சந்தையைவிட மிக மலிவு. கியாட்டில் மட்டும் கூலி வாங்குபவருக்கு ஒதுங்க இடமில்லை. 2024 தொடக்கத்தில் மக்களில் 32 வீதத்தினர் வறுமையில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது.

பர்மியத் தமிழருக்கு இது புதிய பாடமல்ல. 1964 மே மாதம் நே வின் அரசு 50, 100 கியாட் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தபோது பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. கடைகளும் தேசியமயமாக்கப்பட, இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெளியேறினர். சென்னையின் பர்மா பஜார் அந்த வெளியேற்றத்தின் சாட்சி. 1987இல் 25, 35, 75 கியாட் தாள்களுக்கும் அதே கதி நேர்ந்தது. மறு ஆண்டே நாடு கொந்தளித்தது. அன்று தாள் ஒரே நாளில் செல்லாமற் போனது. இன்று தாள் செல்லுகிறது, அதன் பெறுமதிதான் நாளுக்கு நாள் தேய்கிறது.

தப்பிக்கும் வழியும் ஒடுங்குகிறது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவை நடைமுறைக்கு வந்தது. மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் அனுமதி நிறுத்தப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது இரட்டை அடி.

போர் துரத்தி நாடுவிட்டு வந்த நமக்கு, ஊருக்கு அனுப்பும் பணம் எத்தனை அடுப்புகளை எரியவைத்தது என்று தெரியும். அப்படி அனுப்ப எவரும் இல்லாத வீடுகள் போட்டாதாங்கில் ஏராளம். மியன்மார் பற்றிய செய்திகளில் போர்முனையைத் தேடும் நாம், அந்த வீடுகளின் நாட்கூலியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே குண்டு விழாத நாளிலும் சோறு குறைகிறது.