சுபேதார் சுப்பிரமணியனை மறக்கலாமா?

மல்லேஸ்வரத்திலிருந்து அல்சூர் பக்கம் வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர், ஏரிக்கு அருகே மதராஸ் சாப்பர்ஸ் படைத்தளத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் யார் என்று கேட்டால், எத்தனை பேருக்குத் தெரியும்?

1944 பிப்ரவரி 24. இரண்டாம் உலகப் போர். இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. உடன் வந்தவரின் காலடியில் வெடி ஒன்று கிளம்பியது. சுப்பிரமணியன் ஓடவில்லை, அதன்மேல் பாய்ந்து விழுந்தார். தாம் மாண்டு, மற்றவர்களைக் காத்தார். மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

“சம்பளத்துக்குப் போனவன்தானே” என்பார்கள். சம்பளத்துக்கு உழைக்கலாம், உயிரைக் கொடுப்பார் உண்டா?

சிலை வேண்டாம். பிப்ரவரி 24 அன்று மல்லேஸ்வரம் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொன்னால் போதும்.