குதிரைப் பட்டாளமும் டோலிப் பட்டாளமும்

தென்னாப்பிரிக்காவில் 1899-ம் வருஷம் போயர் யுத்தம் மூண்டபோது, அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட முதலாளியான லம்ஸ்டென் என்பவர் 50,000 ரூபாய் அளித்துத் தொண்டர் குதிரைப் பட்டாளமொன்று திரட்ட முன்வந்தார். தோட்டக்காரரும் அவுரி வியாபாரிகளுமாகிய வெள்ளையர் ஏறக்குறைய 250 பேர் அதில் சேர்ந்து, 1900-ம் வருஷத் தொடக்கத்தில் கல்கத்தாவில் கப்பலேறினர். அவ்வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி ஹௌட்நெக் சண்டையில் மேஜர் ஷவர்ஸ் முதலானோர் மாண்டனர். அவர்களுடைய வீரத்தை நாம் குறை கூறவில்லை. அந்தப் பட்டாளத்தின் சரித்திரம் 1903-ல் பெரும் புத்தகமாக வெளிவந்தது. அதில் சாதாரணச் சிப்பாயின் பெயர்கூட விடப்படவில்லை.

இந்தியரில் குதிரையேற்றம் அறிந்தவர் இல்லையா? துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் இல்லையா? இருந்தனர். ஆயினும் அது வெள்ளையரின் யுத்தம், கறுப்பர் ஆயுதம் தாங்கலாகாது என்பதே ஸர்க்காரின் கொள்கை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியன் கையைக் கட்டி, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. தொண்டர் படைகளில் இந்தியரையும் சேர்க்க வேண்டுமென்று 1887-ல் நமது சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை கேட்டது. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின்னும் அக்கோரிக்கை நிறைவேறவில்லை என்பதற்கு இக்குதிரைப் பட்டாளமே சாட்சி.

அதே யுத்தகளத்தில் வேறொரு பட்டாளமும் இருந்தது. காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திரமானவர்; சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். குதிரையுமின்றி, துப்பாக்கியுமின்றி, காயமுற்ற வெள்ளைச் சிப்பாய்களைத் தோளில் சுமந்து, நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தனர். ஸ்பியன் கோப் சண்டையில் குண்டு பாயும் எல்லைக்குள்ளும் சென்றனர். தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. அந்த எண்ணூறு பேர் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர்.

அவர்கள் யார்? 1860-ம் வருஷம் அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை அவ்வாறு நேட்டால் சென்ற ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவரே. ராயபுரத்தார் நாள்தோறும் காணும் இக்கடல்தான் அவர்கள் கடைசியாகக் கண்ட தாய்நாட்டுக் கடல்.

சாம்ராஜ்யத்துக்குச் செய்த ஊழியத்தை நாம் ஏன் கொண்டாட வேண்டுமென்று தேசாபிமானிகள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தமது அனுதாபம் போயர் பக்கமே இருந்ததாகக் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். மேலும், தோட்ட முதலாளிகள் விடுவித்து அனுப்பிய கூலிகளைத் தொண்டர் என்பது எவ்வளவு தூரம் பொருந்தும்? மறுக்கும் உரிமை இல்லாதவன் சம்மதித்தான் என்று எப்படிச் சொல்வது? நாம் கேட்பது கொண்டாட்டமன்று, கணக்கு. சுமந்தவர்களுக்குக் கிடைத்த கூலி யாது? ஒப்பந்தம் முடிந்தவர்மீது 1895-ல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி யுத்தத்துக்குப் பின்னும் நீடித்தது. 1913-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, சிறை புகுந்து, உயிரும் கொடுத்த பிறகே, 1914-ல் அது ஒழிந்தது. சுமந்த தோளுக்குக் கிட்டாதது, நிமிர்ந்த தோளுக்குக் கிட்டிற்று.

நேட்டால் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் பெயரும், தந்தை பெயரும், ஊரும் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தோட்டக் கணக்குகளோடு ஒப்பிட்டு, அந்த எண்ணூறு பேரில் எத்தனை பேரைக் கண்டெடுக்க முடியுமோ அத்தனை பேரைக் கண்டெடுப்பது நமது சர்வகலாசாலைகளின் கடமை. கண்டெடுத்த பெயர்களை ராயபுரத்துக் கடற்கரையில் கல்லில் பொறிப்பது நகரத்தாரின் கடமை. குதிரைமேல் சென்ற 250 பேருக்குப் பெயர் உண்டு. நடந்து சென்றவருக்கும் பெயர் உண்டு. அதைத் தேடாதது நமது குற்றமேயன்றி வேறன்று.