ஜன்னல் வெளிய நீட்டணுமா, வேணாமா?

படிச்சது சிவில், தட்டுறது பொட்டி. இருந்தாலும் ஊர்ல வீட்டு வேலை ஆரம்பிச்சதும் "நீதான் இன்ஜினியராச்சே"ன்னு எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. ஊரு பழவேற்காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவுல மணல் திட்டுல எங்க குப்பம்.

கடலைப் பாத்த மாதிரி அரைவட்டமா வெளிய நீட்டிக்கிட்டு ஒரு 'போ விண்டோ' வைக்கணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. (சரி, எனக்கும்தான்.) மேஸ்திரி சிரிச்சாரு. "ஐப்பசி, கார்த்திகையில மழையும் காத்தும் அந்தப் பக்கம்தானே வந்து அறையும் தம்பி?"

நியாயமான கேள்விங்க. 'போ'வுல நாலஞ்சு கண்ணாடி, 'பே'யில மூணு. எத்தனை மூலையோ அத்தனை மூட்டு. எத்தனை மூட்டோ அத்தனை ஒழுகல். வெயிலுக்கு ஏங்குற இங்கிலாந்துல, வெளிச்சத்தை உள்ள இழுக்க இது சரி. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? 1799-ல கட்டின ஜெய்ப்பூர் ஹவா மஹால்லயும் ஜன்னலை நீட்டினாங்க, ஆனா ஜாலி வெச்சு, மேல நிழல் கொடுத்து.

அப்ப நீட்டவே வேணாமா? அங்கதான் எங்க நைனா வர்றாரு. முட்டி போயிடுச்சு, கடலுக்குப் போறதில்ல. தம்பிதான் போறான். நைனா சொன்னது ஒண்ணே ஒண்ணு. "போட்டு திரும்புதான்னு உக்காந்த எடத்துலேருந்து தெரியணும்டா."

எங்க போட்டெல்லாம் முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள வந்துதான் நிக்கும். சுவரோட ஒட்டின ஜன்னல்ல எதிர்ல இருக்கறதுதான் தெரியும். கரையோட நீளத்துக்குப் பாக்க பக்கவாட்டுக் கண்ணாடி வேணும். ஆக, கடல் பக்கம் சாதா ஜன்னல், ஏரிப்பக்கம் மட்டும் ஒரு சின்ன பே.

மேற்கு வெயிலுக்கு மேல அகலமான சன்ஷேடு. ஏரிப்பக்கம்தானேன்னு அசால்டா இருக்கவும் முடியாது. 2016 டிசம்பர் 12 வர்தா ஞாபகம் இருக்கா? சென்னையில புயலோட கண்ணு கடந்ததும் காத்து அப்பிடியே திசை மாறி அடிச்சுது. அதனால நடுவுல திறக்காத கண்ணாடி, ஓரத்துல ரப்பர் பட்டை அழுத்தி மூடுற சின்ன கதவு. ஸ்லைடிங் வேணாம், சாய்ஞ்சு அடிக்கற மழையில அந்தத் தடத்துல தண்ணி நிரம்பி உள்ள வரும். இரும்பு கிரில்லை உப்புக்காத்து தின்னுடும். ஃப்ரேம் யுபிவிசி, கீல் எவர்சில்வர்.

முக்கியமா ஒண்ணு. வெளிய நீட்டுற ஸ்லாபுக்கும் சன்ஷேடுக்கும் மெயின் கம்பி மேல்பக்கம் வரணும், இழுவிசை அங்கதான். கம்பியைக் கீழ போட்டா என்னிக்காவது தலையில விழும். கடலோரத்துல கம்பிக்கு மேல 45 மிமீ கான்கிரீட் மூடணும்னு ஐஎஸ் 456 (2000) சொல்லுது. கான்கிரீட் போடறன்னிக்கு லீவு போட்டுட்டுப் போய் நில்லுங்க, ஆபீஸ் ஆணியெல்லாம் அப்புறம் புடுங்கலாம் :-)

என் கட்சி இதான்: அழகுக்காக ஜன்னலை நீட்டாதீங்க. பக்கவாட்டுல பாக்க யாராச்சும் இருந்தா நீட்டுங்க.

டிஸ்கி: வீட்டம்மா இன்னும் சமாதானம் ஆகல. கடலோரத்துல பே விண்டோ வெச்சிருக்கற மக்கள்ஸ், நாலு மழைக்கப்புறம் அது எப்பிடி இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.