முதுமைப் பராமரிப்பும் முதலிடுவோரும்

கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்திற் குடியேறிய நம்மவரிற் சிலர், தாம் சேமித்த பொருளை, முதியோரை அவரவர் வீட்டிலேயே பராமரிக்கும் வாணிபத்தில் இடலாமோ என ஆராய்கின்றனர். என்னிடம் பாடங்கேட்ட ஒருவரும் அண்மையில் இதுபற்றி எழுதிக் கேட்டிருந்தார். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வாசகர் எண்ணுதல் கூடும். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, ஒரு செயலாற் கெடுவது, கிடைப்பது, பின்னர்த் தொடர்ந்துவரும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணச் சொல்கின்றார். அம்மூன்று வினாக்களையும் இத்தொழிலிடம் கேட்டுப் பார்ப்போம்.

முதலில், கிடைப்பது. கனடாவின் 2021ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நூற்றுக்கு 19 பேர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர். பெரும்போர் முடிந்தபின் 1946இற் பிறந்தோர் 2026இல் எண்பதை எட்டுகின்றனர். ஒன்றாரியோவில் அரசாங்கச் செலவிலான வீட்டுப் பராமரிப்பை 2024 முதல் ‘ஒன்றாரியோ ஹெல்த் அட்ஹோம்’ என்னும் நிறுவனம் ஒழுங்கு செய்கின்றது. அது தரும் நேரம் போதாத குடும்பங்கள் கைப்பணங் கொடுத்துப் பணியாளரை அமர்த்துகின்றன. 1994இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் தொடங்கிய ‘ஹோம் இன்ஸ்டெட்’, 2001இல் வான்கூவரில் தொடங்கிய ‘நர்ஸ் நெக்ஸ்ட் டோர்’ முதலிய கம்பனிகள், தம் பெயரையும் நடைமுறையையும் ‘பிரான்சைஸ்’ என்னும் உரிமையாகப் பிறர்க்கு விற்று இத்தேவையை நிரப்புகின்றன. ஆகவே தேவை மெய்யானதே.

அடுத்து, கெடுவது. உரிமை பெற்றவர் தொடக்கத்தில் ஒரு தொகையும், பின்னர்த் தவணைதோறும் ஒரு பங்கும் செலுத்தல் வேண்டும். அப்பங்கு பெரும்பாலும் இலாபத்தின்மீதன்று. மொத்த வரவின்மீது கணக்கிடப்படுவது. விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வரவு 100 டொலர், பணியாளர் கூலி 65, கம்பனியின் பங்கு 5, விளம்பரநிதி 2, அலுவலக வாடகை, காப்புறுதி, கடன்வட்டி முதலியன 20. மிஞ்சுவது 8. கூலி 70ஆக உயர்ந்து கட்டணம் உயராதுவிடின் மிஞ்சுவது 3 மாத்திரமே. கம்பனியின் பங்கோ அப்பொழுதும் 5 ஆகவே நிற்கும். நட்டத்திற் பங்கேலாத கூட்டாளி அது.

இவ்விடர் கருதியே ஒன்றாரியோவில் 2000ஆம் ஆண்டில் ஆதர் விஷாட் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தத்திற் கையொப்பமிடுவதற்கோ பணங் கொடுப்பதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர், கம்பனி தன்னைப்பற்றிய விளக்க ஏட்டைக் கொடுத்தல் வேண்டும். அது காலந்தாழ்ந்தோ குறைபாட்டுடனோ வரின், பெற்ற நாளிலிருந்து 60 நாட்களுள் ஒப்பந்தத்தை விடலாம். ஏடே தராதவிடத்து ஒப்பந்தநாள் தொட்டு 2 ஆண்டுகளுள் விடலாம். வருமானம் இவ்வளவு வருமெனக் கம்பனி கூறின் அதற்கான ஆதாரத்தையும் காட்டல் வேண்டும். அவ்வேட்டில் நான் பெரிதும் மதிப்பது, முந்திய ஆண்டில் உரிமையை விட்டு நீங்கியோரின் பட்டியல். கம்பனியின் விளம்பரத்தைப் படிப்பதினும் நீங்கியவரிடம் நேரிற் கேட்பது நன்று. முதற்போட்ட பணம் திரும்பிற்றா, பணியாளர் எத்தனை மாதம் நிலைத்தனர், ஏன் நீங்கினீர் என்னும் மூன்று வினாக்கள் போதும். சட்டம் ஏட்டைத் தருமேயன்றி, அதனைப் படிக்கும் பொறுமையைத் தராது.

இனி, தொடர்ந்துவரும் பயன். முதியவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்தை நினைவூட்டுபவர் முதலாளியல்லர், கூலிக்குப் பணிபுரிபவர். அவருட் பெரும்பாலார் பெண்கள். குடிபெயர்ந்து வந்தோர் பலர். மேலே கண்ட கணக்கில் இலாபத்தைப் பெருக்க எளிய வழி அவர் கூலியைக் குறைப்பதே. அவ்வாறு குறைத்தால் அவர் வேறிடம் செல்வர்; முதியவரின் கட்டிலருகே மாதந்தோறும் புதிய முகம் தோன்றும். தமிழன்றிப் பிறமொழி அறியாத பாட்டி ஒருத்திக்கு இஃது எத்துணைத் துன்பம் என்பதை நான் விரிக்க வேண்டுவதில்லை. நம்மவர் நடத்தும் நிலையம் என்ற நம்பிக்கையாற் பிள்ளைகள் தம் தாயை ஒப்படைப்பர். அந்நம்பிக்கை எந்த விளக்க ஏட்டிலும் எழுதப்படாத முதல்.

ஆதலின் நான் அம்மாணவருக்கு எழுதிய விடை இதுதான்: கம்பனியின் பங்கைச் செலுத்தியபின்னும் பணியாளருக்கு நிலைத்து நிற்கத்தக்க கூலி கொடுக்க இடந்தருமா எனக் கணக்கிடுக. தருமாயின் ஏட்டை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி ஆராய்க. தராதெனின், கம்பனியின் பெயர் எத்துணைப் பெரிதாயினும் விலகுக.