ரசீது இல்லாத வரி

‘நாங்க கட்டுற வரிப்பணத்துல இவங்களுக்கு வீடு, இவங்களுக்குச் சோறு.’ கூவம் ஓரத்துக் குடிசைகளை இடிக்கிற அன்றைக்கு இந்தக் குரல் கேட்கும். துப்புரவுத் தொழிலாளிகள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்காருகிற அன்றைக்கும் கேட்கும். டீக்கடையில், மின்சார ரயிலில், அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில், பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதத்தில், எங்கும் இதே குரல்தான். சாதிப் பேரைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும். ‘வரி கட்டாதவன்’ என்று திட்டினால் எந்த வழக்கும் வராது. ஊர்த்தெரு தனக்கு வைத்துக்கொண்ட புதுப்பேர்தான் ‘வரி கட்டுவோர்’. ‘வரி கட்டாதவன்’ என்பது அது சேரிக்கு வைத்த புதுப்பேர்.

இந்தப் பேச்சு நேற்று முளைத்ததில்லை. 1878ஆம் வருஷச் சட்டப்படி சென்னை நகராட்சிக்குத் தேர்தல் வந்தபோது, ஓட்டு வரி செலுத்துவோருக்கு மட்டும்தான். சொத்து இருந்தவனுக்கு வரி, வரி கட்டியவனுக்கு ஓட்டு, ஓட்டுப் போட்டவன் தெருவுக்கு விளக்கு. அந்தத் தெருவின் மலத்தைக் கூடையில் சுமந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. குடியரசான பிறகு ஓட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் நகரம் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் 1878ஆம் வருஷத்துப் பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கணக்கையே பேசுவோம்.

சென்னையில் சொத்துவரி எப்படிப் போடுகிறார்கள்? தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வீதம் இருக்கிறது. அதைக் கட்டடத்தின் பரப்பளவோடு பெருக்கி, வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்று மதிப்புப் போட்டு, அதில் ஒரு பங்கை அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள். 1998க்குப் பிறகு நெடுங்காலம் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி உயர்வு வந்தது. பழைய மாநகர எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேலே 150. 2011இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதிகளில் இதுவே 25, 50, 75, 100.

இருபது வருஷத்துக்கு மேல் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. வரி மட்டும் 1998லேயே நின்றது. அந்த வித்தியாசம் யார் மடியில் விழுந்தது? மனையும் பங்களாவும் வைத்திருந்தவர் மடியில். அதை யாராவது ‘இலவசம்’ என்று சொன்னதுண்டா? அரையாண்டின் தொடக்கத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டால் 5 சதவீதம் கழிவு. அதற்குப் பேர் ஊக்கத்தொகை. சேரிக்கு ஒரு தண்ணிக் குழாய் போட்டால் அதற்குப் பேர் சலுகை. தோழர்களே, சாதி மொழியில்தான் முதலில் வேலை செய்கிறது.

பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு, இது நியாயம்தானே என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சின்ன வீட்டின் வரியைக் கட்டுவது யார்? நான் வியாசர்பாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஒரே கட்டடத்தில் ஆறு குடித்தனம். வரி உயர்ந்த சேதி வந்த மாசமே வீட்டுக்காரம்மா படியேறி வந்து, ‘வரி ஏறிடுச்சுப்பா, அடுத்த மாசத்துலருந்து ஐந்நூறு சேத்துக் குடுத்துடுங்க’ என்றார். ஆறு வீட்டுக்கும் அதே பேச்சு. ஆகமொத்தம் மாசம் 3,000 ரூபாய். ரசீது ஒன்றுதான், அதுவும் அவர் பேரில். எதிர்வீட்டு அக்கா தெருக் கூட்டுகிறவர். அவர் கேட்டார்: ‘அப்ப வரியக் கட்டுறது நாம, வரி கட்டுறவங்கன்னு பேரு அவங்களுக்கா?’ எம்.ஏ. படித்த என் வாயில் வராத கேள்வி அக்காவுக்கு வந்தது. கட்டிய காசுக்கு ரசீது இல்லாததால், நகரத்தின் மீது உரிமையும் இல்லாமல் போகிறது.

மாநகராட்சி சொத்துவரியை மட்டும் வைத்துப் பிழைக்கவும் இல்லை. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒரு பங்கு வருகிறது. அந்த வரியை யார் கொடுத்தது? கடையில் சோப்பு வாங்குகிறவனும் மருந்து வாங்குகிறவனும் கொடுத்தது. சாக்கடைக்குள் இறங்கிவிட்டு, அந்த நாற்றம் மறக்க டாஸ்மாக்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறானே, அவனும் கொடுத்தது. அவனுக்கும் ரசீது கிடையாது.

இதைவிடப் பெரிய மோசடி தெருவின் மதிப்பில் இருக்கிறது. ஒரு தெருவுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? சாக்கடை அடைக்காமல் ஓடுகிறது, குப்பை தேங்குவதில்லை, நாற்றமில்லை. பத்து நாள் துடைப்பத்தைக் கீழே போட்டுப் பார்க்கட்டும், போயஸ் தோட்டத்தின் சதுர அடி என்ன விலைக்குப் போகிறதென்று தெரியும். மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டடத்தின் பரப்பளவுக்கு இடமிருக்கிறது, அது குடியிருப்பா கடையா என்பதற்கு இடமிருக்கிறது. அந்தத் தெருவைத் தெருவாக வைத்திருக்கிற கைகளுக்கு அங்கே இடமில்லை. இந்த நகரத்தில் அந்தக் கைகள் பெரும்பாலும் எந்தச் சாதியின் கைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் குடியிருந்த ஆற்றங்கரையும் கால்வாய்க்கரையும் விலைபோகும் என்று தெரிந்ததும், 2000 தொடங்கி கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். பெரும்பாக்கம் குடியிருப்பைக் கட்டியதே மாநகராட்சி எல்லைக்கு வெளியில். நகரத்தைக் கூட்டுகிறவனை நகரத்தின் கணக்கிலிருந்தே கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். நகராட்சிச் செலவைக் கேள்வி கேட்பது நமக்குப் புதிதில்லை. 1876 முதல் பூனா நகராட்சியில் நியமன உறுப்பினராக இருந்தார் மகாத்மா ஜோதிராவ் பூலே. வைஸ்ராய் லிட்டன் வருகிறார், அலங்காரத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றபோது, அந்தப் பணத்தை ஏழைகளின் படிப்புக்குச் செலவழி என்று எதிர்த்து நின்றார். மகாட் நகராட்சி 1924இல் சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. ஏட்டில் போட்டது, அவ்வளவுதான். 1927 மார்ச்சில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். ஆகஸ்டில் அதே நகராட்சி அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது. பட்ஜெட்டில் எழுதுவது வேறு, குழாயில் தண்ணி வருவது வேறு என்பதை நமக்கு மகாட் சொல்லிக்கொடுத்து நூறு வருஷமாகப் போகிறது.

இப்போது ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஒரு தலித் பெண் முதல்முறையாகச் சென்னை மேயரானார். நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நாற்காலி மாறியது, பேரேடு மாறவில்லை. நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். குப்பை வாருவதைத் தனியாருக்குக் கொடுக்கிற வேலை 2000இல் ஒனிக்ஸ் கம்பெனியோடு தொடங்கியது. ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போயின. ஏறக்குறைய 23,000 ரூபாயாக இருக்கும் மாசச் சம்பளம் 16,000 அளவுக்கு இறங்கும் என்று சொல்லித் தொழிலாளிகள் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13 நாள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களைத் தூக்கிப்போனது. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு.

கேட்டது வேலையும் கூலியும். கொடுத்தது சோறு. பண்ணையில் கூலியைக் குறைத்துவிட்டுக் கூழ் ஊற்றிய ஆண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு ஆளுக்கு மாசம் 7,000 குறைகிறதென்றால் வருஷத்துக்கு 84,000. ஒப்பந்தம் விட்டு மிச்சம் பிடிக்கிற காசு இதுதான். சொத்துக்காரன் அரையாண்டுக்குக் கட்டுகிற வரியைவிட எத்தனை மடங்கு! இந்த நகரத்தில் மிக அதிக வீதத்தில் வரி கட்டுகிறவள் துப்புரவுத் தொழிலாளி. அவளிடம் அதைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ‘நாங்களும் வரி கட்டுகிறோம்’ என்று கெஞ்சிக்கொண்டு நிற்பது நம் வேலை அல்ல. கணக்குக் கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு வார்டிலும் எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு செலவானது என்று தெருவாரியாகப் போடு. 2011 கணக்கெடுப்பின்படி சென்னையில் பட்டியல் சாதியினர் 16.78 சதவீதம். மாநகராட்சி பட்ஜெட்டில் அவர்கள் குடியிருப்புகளுக்குப் போனது எத்தனை சதவீதம் என்று காட்டு. பட்டியல் சாதி, பழங்குடி நிதிக்காக 2024இல் மாநில அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது, அந்தச் சட்டத்தின் கண்ணில் ரிப்பன் மாளிகை படுகிறதா இல்லையா என்று சொல். 600 சதுர அடிக்குக் கீழே வரியைத் தள்ளுபடி செய், அது வாடகையில் குறையவும் வழி செய். குப்பை வாருகிறவர்களை நிரந்தரமாக்கு.

2022 விதிகளின்படி வார்டுக்கு வார்டு பகுதி சபைகள் வந்திருக்கின்றன. அங்கே அடுக்குமாடிச் சங்கத்தார் மட்டும் போய் உட்கார்ந்துகொண்டு பூங்காவுக்கு நடைபாதை கேட்கிறார்கள். மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வார்டுக் கணக்கை வாங்குங்கள். அதைச் சேரிக்குக் கொண்டுவந்து உரக்கப் படியுங்கள். எதிர்வீட்டு அக்காவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் கேட்கிற கேள்விக்கு மாநகராட்சி பதில் சொல்லட்டும்.