குடியுரிமைத் தேர்வு எதை அளக்கிறது?

படகேறி ஆஸ்திரேலியா சென்று, பல ஆண்டுகள் தற்காலிக விசாவிலேயே காலந்தள்ளியவர்களுக்கு 2023 பிப்ரவரியில் ஒரு வழி பிறந்தது. சுமார் 19,000 பேர் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அவர்களில் ஈழத் தமிழர்களும் உண்டு. நிரந்தர விசா பெற்றவர்களுக்கு முன்னால் இப்போது நிற்பது குடியுரிமைத் தேர்வு. போரால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களை மனத்தில் வைத்தே இந்தத் தேர்வை எடைபோட வேண்டும்.

தேர்வு எளிது என்பார்கள். 20 கேள்விகள், 45 நிமிடங்கள், 15 விடைகள் சரியென்றால் தேர்ச்சி. 2020 நவம்பர் முதல் அவற்றில் 5 கேள்விகள் ஆஸ்திரேலிய விழுமியங்களைப் பற்றியவை. அந்த ஐந்தில் ஒன்று பிசகினாலும் தோல்விதான். எல்லாக் கேள்விகளும் 'அவர் காமன் பாண்ட்' என்ற அரசுக் கையேட்டிலிருந்தே வருகின்றன. கையேடு இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. 2007இல் தேர்வு தொடங்கியபோது பிராட்மனின் கிரிக்கெட் பெருமையையும் படிக்க வேண்டியிருந்தது. மறுஆய்வுக்குப் பின் தேர்வு குடிமைக் கடமைகளோடு நின்றது. நல்ல திருத்தம்.

ஆனால், கையேட்டைத் தமிழில் தரும் அரசு, கேள்வியை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலிய அரசியலமைப்பைத் திருத்த நாடு தழுவிய பெரும்பான்மை வாக்கு மட்டும் போதாது. ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மை வேண்டும். இலங்கையில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு 1972இல் கைவிடப்பட்டது. அதற்கு விலை கொடுத்த சமூகத்தவருக்கு இந்த விதியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். ஆங்கிலத் திரையின் முன் அதே மனிதர் தடுமாறினால், அளக்கப்பட்டது அவருடைய குடிமை அறிவு அல்ல.

குடிமகனாகிறவர் ஆங்கிலம் அறிய வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். சட்டம் கேட்பதும் அடிப்படை ஆங்கிலத்தையே. வேலைத்தளத்திலும் மருத்துவமனையிலும் பேசிச் சமாளிக்கும் ஆங்கிலம் வேறு. நாடாளுமன்றம், நீதித்துறை, கவர்னர் ஜெனரல் பற்றிய வாக்கியங்களைப் படித்து நுட்பமாகப் பிரித்தறியும் ஆங்கிலம் வேறு.

மொழியை வேலியாக்கிய வரலாறு அந்த மண்ணுக்கு உண்டு. 1901 முதல் 1958 வரை, வேண்டாத குடியேறிகளை எழுத்துத் தேர்வு ஒன்றால் தடுத்தார்கள். அதிகாரி வாசிக்கும் ஐம்பது சொற்களை, அவர் தேர்ந்தெடுக்கும் ஏதோவொரு மொழியில் பிழையின்றி எழுத வேண்டும். பல மொழிகள் அறிந்த எழுத்தாளர் ஈகான் கிஷ்ஷுக்கு 1934இல் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். இன்றைய தேர்வை அந்த அநீதியோடு சமப்படுத்துவது நியாயமாகாது. ஆயினும், 2017இல் டர்ன்புல் அரசு தனி ஆங்கிலத் தேர்வு ஒன்றைப் புகுத்த முயன்று, செனட்டில் அந்த மசோதா நின்றுபோனதை மறந்துவிடக் கூடாது. வேலியை உயர்த்தும் ஆசை முற்றிலும் போய்விடவில்லை.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் செல்போன் செயலிகளில் மாதிரி வினாக்களை மட்டும் உருப்போட வேண்டாம். முதலில் தமிழ்க் கையேட்டைப் படித்துப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலக் கையேட்டை அதனருகில் வைத்துப் பத்தி பத்தியாகப் படியுங்கள். விழுமியங்கள் பகுதிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், பிள்ளைகளை அழைத்து வந்து வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிடட்டும்.

அமெரிக்கா, நெடுநாள் வசித்த ஐம்பது வயது கடந்தவர்களைத் தாய்மொழியிலேயே குடிமைத் தேர்வுக்குப் பதில் சொல்ல விடுகிறது. பள்ளிப் படிப்பைப் போரில் இழந்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவும் அதே வழியைத் திறக்க வேண்டும்.